நாலு கதவு வண்டி

ஜனவரி 22, திங்கள்

டாக்டர் நஸ்ரின் ஒரு நோட்டு வாங்கித் தினமும் எழுதச் சொன்னார். "பெருசா எழுத வேணாம் மங்கையர்க்கரசி. குளிச்சேன், சாப்பிட்டேன், அந்த மாதிரி ஒரு வரி போதும்" என்றார். வியாபாரத்தைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா!" ஆகவே இது வியாபார நோட்டு. மற்ற விஷயத்தை இதில் எழுதப்போவதில்லை. அது போன வருஷத்தோடு முடிந்தது.

வியாபாரம் என்னவென்றால் கக்கூஸ். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் முதுகில் நான்கு அறைகள், நான்கு கதவுகள். மேலே தண்ணீர் டேங்க், கீழே கழிவுத் தொட்டி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று பெண்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே வண்டி போய் நிற்கும். அருப்புக்கோட்டையில் இப்படி ஒரு வண்டி கிடையாது. விசாரித்துவிட்டேன்.

இன்று பட்டறையில் மாரிச்சாமி அண்ணன் மூன்றாவது கதவுக்கு வெல்டிங் வைத்தார். ஒவ்வொரு அறைக்குள்ளும் இரண்டு கொக்கி வேண்டும் என்றேன்.

"கக்கூஸுக்குள்ள கொக்கி எதுக்கும்மா?"

"ஒண்ணு ஹேண்ட்பேக்குக்கு, ஒண்ணு முந்தானைக்கு. பட்டுச்சேலை கட்டிப் பாருங்கண்ணே, தெரியும்."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் கொக்கியை அழகாக வைத்தார்.

ஜனவரி 25, வியாழன்

வண்டிக்குப் பெயர் வைக்கும் படலம். என் கணவர் வேல்ராஜ் அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஊர்ப் பெயர்களைக் கூவிக் கூவி அவருக்குப் பெயர் விஷயத்தில் தன்னம்பிக்கை அதிகம்.

"மங்கை டாய்லெட்ஸ். எப்பிடி?"

"என் பேரைப் படிச்சுட்டுத்தான் எல்லாரும் உள்ள போகணுமா?"

"சரி, வேல் டாய்லெட்ஸ்."

"உங்க அம்மா அடிக்க வருவாங்க."

அரைமணி நேரம் இப்படியே போனது. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று அடுக்களைக்குப் போய்விட்டார். அங்கே ரொம்ப நேரம் பாத்திரம் கழுவினார். கழுவ இருந்ததோ இரண்டே தம்ளர்.

கடைசியில் பெயர் வைத்தது நான்தான். "சௌகரியம்."

ஜனவரி 28, ஞாயிறு

ஜெபராணி அக்காவைப் பற்றி எழுதியாக வேண்டும். என் கூட்டாளி. வயது ஐம்பத்திரண்டு. நேற்றுவரை பஸ் ஸ்டாண்டுக்கும் எங்கள் தெருவுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினார். நவம்பர் மாதம் ஒருநாள் அந்த ஆட்டோவில் போகும்போதுதான் வண்டி யோசனையைச் சொன்னேன். சட்டென்று ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இருவது வருசமா ஆட்டோ ஓட்டுறேன். பகல்ல எங்க போவேன்னு ஒருத்தராவது கேட்டிருக்காகளா? நீ கேக்காமலே பதில் சொல்ற. நான் வாரேன் தாயி."

பின்னால் இருந்த ஐந்து பயணிகளும், "அதெல்லாம் சரி, ஆட்டோவை எடுங்க!" என்று கத்தினார்கள்.

அந்த ஆட்டோவைத்தான் இன்று விற்றுவிட்டார். விற்ற பணமெல்லாம் வண்டிக்குள் போய்விட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டார். கவலையே இல்லாத மனுஷி. நான்தான் அடுத்த தோசையைக் கருகவிட்டேன். போன வருஷத்துச் சங்கதி அக்காவுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

வண்டிக்குப் பூஜை! ரோஜா நிறத்தில் பெயிண்ட் அடித்து, நான்கு கதவிலும் தாமரை வரைந்து, வண்டி கல்யாணப் பெண் மாதிரி நின்றது. பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தினோம். குருக்கள் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் ஏற்றி மூன்று சுற்றுச் சுற்றிய பிறகுதான் கேட்டார்.

"பேஷா இருக்கே. உள்ளே என்ன, ஸ்வீட் வியாபாரமா?"

நான் ஜெபராணி அக்காவைப் பார்த்தேன். அக்கா வானத்தைப் பார்த்தார். என் கணவர், "பொதுச் சேவைங்க சாமி" என்றார். குருக்கள் மகிழ்ந்துபோய் நான்கு கதவுக்கும் தனித்தனியாகத் தீபம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி தெருமுனை தாண்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம். அப்புறம் அக்கா ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஹாரன் விடாமல் அடித்தது.

பிப்ரவரி 4, ஞாயிறு

முதல் கல்யாணம். பாலையம்பட்டிக்குப் பக்கத்தில், வீட்டு வாசலில் பந்தல் போட்ட கல்யாணம். ஏழு மணிக்கே போய் நின்றோம். ஏழரைக்கு வண்டி முன்னால் பதினைந்து பிள்ளைகள் வரிசையில்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதலில் நின்ற வாண்டு கேட்டது:

"ஸ்ட்ராபெரி மட்டுந்தானா? சாக்லேட் இல்லியா?"

எல்லாம் அந்த ரோஜா நிறம் செய்த வேலை. ஐஸ்கிரீம் வண்டி இல்லை என்று சொன்னதும் ஒரு பிள்ளை அழுதேவிட்டது. பெரியவர்களும் சளைத்தவர்கள் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் தட்டோடு வந்து, "பீடா இங்கயா?" என்று கேட்டார்.

பத்து மணிவரை பெண்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை. ஆண்கள் பார்க்கும்படி அந்தக் கதவைத் திறக்க யாருக்கும் கை வரவில்லை. ஜெபராணி அக்கா பந்தல்காரரிடம் போய்ப் பேசி, மிச்சமிருந்த இரண்டு துணித்தட்டிகளை வாங்கிவந்து வண்டிக்கு முன்னால் மறைப்பாகக் கட்டினார். ஐந்து நிமிஷத்தில் மணப்பெண்ணின் அத்தை வந்தார். வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, "ஏ, கண்ணாடியெல்லாம் இருக்குடி!" என்றார்.

அவ்வளவுதான். மதியம்வரை வரிசை குறையவில்லை. கடைசியாக மணப்பெண்ணே மாலையோடு வந்தாள். மாலையை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மேடைக்கு ஓடினாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அடக்கிக்கொண்டிருந்தாளாம், அவள் தோழி சொன்னாள்.

பிப்ரவரி 9, வெள்ளி

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். பேசிக்கொண்டே இருந்தேன். ஐஸ்கிரீம் கதைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"

"ஏழு."

"மாத்திரை?"

"ஒருநாள்கூட விடலை."

"இந்த யோசனை எப்ப வந்துச்சு?"

அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். போன அக்டோபரில் என் கணவரின் குலசாமி கோயிலுக்குப் போனோம். எட்டு மாதம் கழித்து நான் படுக்கையை விட்டு வெளியே வந்த முதல் நாள் அது. பொட்டல் காடு, ஒரு மறைவு கிடையாது. அதனால் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. எந்தப் பெண்ணும் குடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு நான் மயங்கி விழுந்தேன். கண் விழித்தால் சுற்றிலும் சொந்தக்காரர்கள். "அந்தச் சீக்கு முத்திப்போச்சு", "வேல்ராஜு பாவம்", "என்ன கொறை இவளுக்கு, இப்பிடிப் படுத்தே கெடக்கா" என்று ஆளாளுக்குப் பேச்சு. எனக்கு ஒரு சீக்கும் முற்றவில்லை. தாகம். அதோடு மூத்திரம் முட்டியது. அவ்வளவுதான்!

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எட்டு மாதமாக எனக்குக் கோபமோ அழுகையோ எதுவுமே வந்ததில்லை. கோபத்தோடு பசியும் வந்தது. இரண்டு தட்டுப் பொங்கல் சாப்பிட்டேன். அன்றைக்கே வண்டியும் மனசில் வந்து நின்றுவிட்டது.

டாக்டர், "உங்க தொழில்ல இருக்கற ஒருத்தருக்காவது இந்த வியாதி தெரிஞ்சிருக்கணும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 15, வியாழன்

போன் ஓயவில்லை! நான்கு கல்யாணம், ஒரு கட்சிக் கூட்டம், ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. ஒரு துக்க வீட்டுக்கும் போய் வந்தோம். அங்கே ஒரு அம்மா அழுகையை நிறுத்திவிட்டு வந்து, போய்விட்டு, திரும்ப உட்கார்ந்து அழுதார். போகும்போது, "நீங்க நல்லா இருக்கணும்" என்றார். சாவு வீட்டில் ஆசீர்வாதம் வாங்கிய வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.

மார்ச் மூன்றாம் தேதிக்குப் பந்தல்குடிப் பக்கம் ஒரு குலசாமி கோயிலில் காதுகுத்து. நானூறு பேர் வருகிறார்களாம். இதுவரை வந்ததில் பெரியது இதுதான். நானே போனில் பேசி முடித்தேன். பேசி முடித்துவிட்டு அடுக்களையில் ஆடினேன். யாரும் பார்க்கவில்லை. அவர் பார்த்தார், அதனால் பரவாயில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று ஜெபராணி அக்காவே தனியாகப் போனார். எனக்கு முதுகு வலி. வண்டி சீட் சரியில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

முதுகு வலி.

பிப்ரவரி 23, வெள்ளி

போனில் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். அடிக்கடி அடித்தால் தலை வலிக்கிறது. ஜெபராணி அக்கா வாசல்வரை வந்து தைலம் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே கூப்பிடவில்லை. வீடு குப்பையாகக் கிடக்கிறது.

பிப்ரவரி 25, ஞாயிறு

குளித்தேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

அவர் டூட்டியை மாற்றிக்கொண்டு வீட்டில் இருக்கிறார். ரசம் வைத்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். உப்பு இல்லை என்று பிறகு அவர் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

மார்ச் 1, வெள்ளி

இல்லை.

மார்ச் 2, சனி

அவர்தான் டாக்டருக்குப் போன் போட்டு என் காதில் வைத்தார். நான் கேட்டது ஒரே கேள்வி: "மாத்திரை தவறல. வியாபாரமும் நல்லாப் போகுது. சந்தோஷமாத்தான இருந்தேன், அப்புறம் ஏன்?"

"நீங்க எதுவும் தப்பாப் பண்ணல" என்றார். மாத்திரை அளவை மாற்றியிருக்கிறார். வேலை செய்ய இரண்டு வாரம் ஆகலாம். கூட்டாளியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். போனை என் கணவரிடம் நீட்டிவிட்டேன்.

நாளை காதுகுத்து. முதுகு வலி இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. எழுதிவிட்டேன்.

மார்ச் 4, திங்கள்

நேற்று நடந்ததை முழுவதும் எழுதப்போகிறேன். கை வலித்தாலும் பரவாயில்லை.

காலை ஆறு மணிக்கு ஜெபராணி அக்கா வண்டியோடு வந்தார். என் கணவர் டூட்டிக்குப் போய்விட்டார், நேற்று மாற்ற முடியவில்லை. நான் படுத்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா வந்து கட்டில் ஓரத்தில் நின்றார்.

"முதுகு இன்னும் சரியாகலியா?"

"முதுகு இல்லக்கா."

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன வருஷம் எட்டு மாதம். டாக்டர், மாத்திரை. எழுந்து பல் தேய்ப்பது மலை ஏறுகிற மாதிரி இருப்பது. இப்போது பத்து நாளாக மறுபடியும். "இது தெரிஞ்சிருந்தா நீங்க ஆட்டோவை வித்திருக்க மாட்டீங்க. உங்களை ஏமாத்திட்டேன்" என்றேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஆட்டோ கெடக்கு, அதுல மைலேஜே இல்ல." அப்புறம் கேட்டார்: "எந்திரிக்கத்தான முடியல? படுத்துக்கிட்டு வர முடியுமா?"

"என்னக்கா?"

"வண்டி முன்சீட்டுல தலகாணி போடுறேன். நீ படுத்துக்க. ஒண்ணும் செய்ய வேணாம், ஒருத்தர்ட்டயும் பேச வேணாம். இங்க தனியாக் கெடக்கறத அங்க என் கண்ணு முன்னால கெட."

"குளிக்கலக்கா. மூணு நாளாச்சு."

"நாம ஓட்டுறது கக்கூஸ் வண்டி தாயி. உன்னைய யாரு மோந்து பாக்கப் போறா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் தடவை. சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று. அக்கா அதைப் பார்த்துவிட்டார். உடனே தலையணையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலையணை இல்லாமல் படுக்க முடியாதே, பின்னாலேயே போனேன்.

நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கோயிலில் நானூறு பேருக்கு நடுவில், முன்சீட்டில் சுருண்டு கிடந்தேன். அக்கா ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டார். வெளியே குலவைச் சத்தம், ஒரு குழந்தை வீறிட்டு அழுவது, பிறகு இன்னொரு குழந்தை. நடுநடுவே அக்கா குரல்: "வரிசையா வாங்க தாயி. அவசரமா? அப்ப நீ முன்னால வா."

பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றுவிட்டது. டேங்க் நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை. அக்கா மேலே ஏறித் தட்டிப் பார்த்தார். மாரிச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டார். அந்தக் காட்டில் சிக்னல் இல்லை. வரிசையில் நாற்பது பெண்கள். ஒருத்தி, "முடியாதுன்னா முன்னாடியே சொல்லணும், நம்பித்தான நாலு சொம்பு மோர் குடிச்சேன்!" என்று அழாத குறையாகக் கத்தினாள்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னல் துணியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தெரியும், குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. இரண்டாவது அறைக்குப் பின்னால் ஒரு வால்வு இருக்கிறது. அதை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான்.

கதவைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. இறங்கினேன். கால் மண்ணில் பட்டபோது சுட்டது, செருப்பு போடவில்லை. ஸ்பானரை எடுத்து வால்வை அரைச் சுற்றுத் திருகி, குழாயில் இரண்டு தட்டுத் தட்டினேன். உஸ்ஸென்று காற்று வந்தது, தண்ணீர் பீய்ச்சி என் மூஞ்சி முழுக்க அடித்தது. நைட்டி தொப்பலாக நனைந்துவிட்டது. நாற்பது பெண்களும் குலவை போட்டார்கள்! சாமிக்குப் போட்டதைவிடப் பலமாக. மோர் குடித்தவள் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஐந்து நிமிஷம்தான். திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். "குளிச்சும் முடிச்சாச்சு" என்று அக்கா ஜன்னல் வழியாகச் சொன்னார்.

சாப்பாட்டு நேரம் ஒரு பெண் ஜன்னலைத் தட்டினாள். முப்பது வயதிருக்கும், பச்சைச் சேலை, இடுப்பில் குழந்தை.

"அக்கா, வண்டி உங்களுதா? அடுத்த மாசம் எங்க கொழுந்தனுக்குக் கல்யாணம். அன்னைக்கு நீங்க வருவீகளா?"

எப்போதும் "கண்டிப்பா" என்பேன். நேற்று அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"வண்டி கண்டிப்பா வரும். நான் வருவேனான்னு சொல்ல முடியாது. எனக்கு மனச்சோர்வுன்னு ஒரு வியாதி. சில நாள் எந்திரிக்க முடியாது."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் இன்னும் குனிந்தாள்.

"எந்திரிக்க முடியாதுன்னா... முழிச்சிருந்துமா?"

"முழிச்சிருந்தும்."

"பிள்ளை அழுகறது காதுல கேட்டும்?"

"கேட்டும்."

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அதுக்கு வியாதின்னா பேரு? எங்க வீட்டுல சோம்பேறிம்பாக" என்றாள்.

அவள் பெயர் வனிதாமணி. சௌகரியம் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் டாக்டர் பெயரையும் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 7, வியாழன்

இன்றும் படுக்கைதான், ஆனால் போனை எடுத்தேன். ஜெபராணி அக்கா தினமும் வந்து கட்டிலில் உட்கார்ந்து, அன்றைக்கு யார் யார் எப்படி ஓடிவந்தார்கள் என்று நடித்துக் காட்டுகிறார். இன்றைய ஆள் ஒரு பெண் போலீஸ். தொப்பியைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறந்து போய்விட்டாராம். தொப்பியோடு அக்கா பின்னாலேயே துரத்த, ஊரே அக்காதான் ஏதோ திருடிக்கொண்டு ஓடுவதாக நினைத்ததாம்.

மார்ச் 12, செவ்வாய்

வனிதாமணி பேசினாள். முதல் இரண்டு நிமிஷம் கொழுந்தன் கல்யாணத் தேதி. பிறகு, "டாக்டர்ட்ட நான் தனியாப் போகணுமா?" என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

ரசத்தில் உப்பு அதிகம் என்று நான் சொல்ல, அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு குதித்தார். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

மார்ச் 21, வியாழன்

மதுரை. நானும் வனிதாமணியும் அவர் பஸ்ஸில்தான் போனோம். என்னிடமே டிக்கெட் கேட்டார். "பெண்டாட்டிக்குமா?" என்று வனிதாமணி வாயைப் பிளந்தாள். "செக்கர் ஏறினா பெண்டாட்டியா காப்பாத்துவா?" என்றார் அவர். பஸ் முழுக்கச் சிரிப்பு. சாயங்காலம் மதுரையில் ஒரு வரவேற்பு இருந்ததால் ஜெபராணி அக்கா வண்டியோடு எங்களுக்கு முன்பே வந்து ஆஸ்பத்திரித் தெருவில் நிறுத்தியிருந்தார். நாங்கள் போய்ச் சேரும்போது நான்கு கதவும் மூடியிருந்தன, வெளியே ஆறு பேர் நின்றார்கள். "நான் கூப்பிடல. மறைப்பைக் கட்டுனேன், வந்துட்டாக" என்றார் அக்கா.

வனிதாமணியின் பெயரைக் கூப்பிட்டதும் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நாற்பது நிமிஷம். குழந்தை என் தாலிக்கொடியைச் சப்பியது. பிறகு ஜெபராணி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருடைய கண்ணாடியைப் பிடுங்கியது. நான் எனக்காக இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

கதவு திறந்தது. வனிதாமணிக்கு மூக்கெல்லாம் சிவந்திருந்தது. கையில் மாத்திரைச் சீட்டு. அங்கே காத்திருந்த பத்துப் பேரையும் பார்த்துக்கொண்டு, பரீட்சை முடிவு வந்த பிள்ளை மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

"அக்கா, நான் சோம்பேறி இல்லியாம்!"